ககன் சிக்னல் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் எட்டுகிறதே, அதை நம்பி அங்கே எல்பிவி அப்ரோச் இறங்க முடியுமா?

வடமராட்சி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எஸ்பிஏஎஸ் (ஜிபிஎஸ் பிழையைத் தரை நிலையங்களால் அளந்து, செயற்கைக்கோள் வழியாகத் திருத்தம் அனுப்பும் முறை) பற்றிப் படித்துக்கொண்டு வருகிறேன், ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

இந்தியாவின் எஸ்பிஏஎஸ்தான் ககன். அதன் திருத்தத் தகவல்கள் ஜிசாட்-8, ஜிசாட்-10 செயற்கைக்கோள்கள் வழியாக வருகின்றன. ஒன்று கிழக்கு 55 பாகையில் நிற்கிறது, மற்றது 83 பாகையில். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஆஸ்திரேலியா வரை தெரியும். யாழ்ப்பாணத்தில் நல்ல ரிசீவர் ஒன்றைத் திறந்தவெளியில் வைத்தால் பிஆர்என் (செயற்கைக்கோள் அடையாள எண்) 127, 128 இரண்டும் தெளிவாகவே கிடைக்கும். சிக்னலைப் பிடிக்கக் கட்டணமும் கிடையாது.

அப்படியென்றால் பலாலி விமான நிலையத்திலோ மாலத்தீவின் சிறு தீவு ஒன்றிலோ, ஐஎல்எஸ் (தரையிலிருந்து இறங்குபாதை காட்டும் ரேடியோக் கருவி) இல்லாத ரன்வே முனைக்கு ஓர் எல்பிவி அப்ரோச் (எஸ்பிஏஎஸ்ஸை நம்பி, பக்கவாட்டிலும் செங்குத்திலும் வழிகாட்டல் பெற்று இறங்கும் முறை) வரைந்து வெளியிட்டால் போதாதா? தடையாக இருப்பது தொழில்நுட்பமா, சட்டமா, பணமா?

---

அயனமண்டலம் எழுதியது:

தம்பி, சிக்னல் எட்டும் பரப்பையும் சேவை கிடைக்கும் பரப்பையும் முதலில் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரையான பரப்பு முதலாவது. ககன் 2015 ஏப்ரல் 21 அன்று ஏபிவி-1 தரத்துக்குச் (செங்குத்து வழிகாட்டலோடு இறங்கும் அப்ரோச்சுக்கான தரம்) சான்று பெற்றது இந்திய நிலப்பரப்புக்கு. அதற்கு முன்பு, 2013 டிசம்பர் 30 அன்று கிடைத்த ஆர்என்பி 0.1 (பாதையிலிருந்து 0.1 கடல்மைலுக்குள் நிற்கும் தரம்) சான்று இந்திய வான்வெளிக்கு. வெளியே போகப் போக அதே சிக்னல் வந்துகொண்டேதான் இருக்கும், அதில் உள்ள வாக்குறுதிதான் குறைந்துகொண்டே போகும்.

வாக்குறுதி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2000 மே மாதம் அமெரிக்கா வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியதிலிருந்து, வெறும் ஜிபிஎஸ்ஸே பெரும்பாலான நேரம் சில மீட்டருக்குள் இடத்தைக் காட்டிவிடும். விமானத்துக்குப் பிரச்சினை மிச்ச நேரம்தான். 2004 ஜனவரி 1 அன்று பிஆர்என் 23 செயற்கைக்கோளின் அணுக்கடிகாரம் கெட்டது. அது பழுது என்று ஜிபிஎஸ் கட்டுப்பாட்டு மையம் குறியிடும்வரை கிட்டத்தட்ட 3 மணி நேரம் தப்பான தூரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருந்தது. மேகத்துக்குள் 300 அடியில் இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்துக்கு 3 மணி நேரம் கழித்து வரும் எச்சரிக்கையால் என்ன பயன்?

ஏபிவி-1 என்றால் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் 10-ஆம் இணைப்பு கேட்பது இது: பிழை, அனுமதித்த எல்லையைத் தாண்டினால் 10 விநாடிக்குள் பைலட்டுக்குக் கொடி காட்ட வேண்டும். அந்த எல்லை கிடைமட்டத்தில் 40 மீட்டர், செங்குத்தில் 50 மீட்டர். சொல்லாமல் தவறவிடும் வாய்ப்பு கோடி அப்ரோச்சுக்கு இரண்டுக்கு மேல் போகக்கூடாது. எஸ்பிஏஎஸ் கட்டப்பட்டதே இதற்காகத்தான்.

வேலை நடக்கும் விதம்: ககனுக்கு 15 தரை நிலையங்கள். அகமதாபாத், ஜெய்சல்மேர், ஜம்மு, திப்ருகார் என்று நாடெங்கும் பரவியிருக்கின்றன. தெற்கு ஓரத்தைத் தாங்குபவை திருவனந்தபுரம், பெங்களூரு, போர்ட் பிளேர் மூன்றும். தன் இடம் துல்லியமாகத் தெரிந்த நிலையம் ஒவ்வொன்றும் ஜிபிஎஸ் தூரத்தை அளந்து பெங்களூருவில் உள்ள மையத்துக்கு அனுப்பும். மையம் கணக்கிட்டதை இன்னொரு தரை நிலையம் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். விநாடிக்கு 250 பிட் கொண்ட ஒரு செய்தி. அதில் 24 பிட் பிழை சரிபார்ப்புக்கே போய்விடும்.

செய்திகளில் உங்கள் கேள்விக்கு முக்கியமானவை 18-ஆம், 26-ஆம் வகைகள். தரைக்கு மேல் 350 கி.மீ. உயரத்தில் ஒரு கற்பனை வலை, 5 பாகைக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சுக்கும் அயனமண்டலத் தாமதம் (மேல்வானின் மின்னேற்ற அடுக்கு சிக்னலைத் தாமதப்படுத்துவது) எவ்வளவு, அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று 26-ஆம் வகைச் செய்தி சொல்லும். நம்பிக்கைக் குறியீடு 0 என்றால் 0.3 மீட்டர், 14 என்றால் 45 மீட்டர். 15 என்றால் "இந்த முடிச்சை நாங்கள் கண்காணிக்கவில்லை" என்று பொருள். ஒரு செயற்கைக்கோளின் கதிர் வலையைத் துளைக்கும் இடத்தைச் சுற்றியுள்ள நான்கு முடிச்சுகளும், குறைந்தபட்சம் மூன்றாவது, கண்காணிப்பில் இல்லாவிட்டால் அந்தச் செயற்கைக்கோளை எல்பிவி கணக்கில் சேர்க்க ரிசீவர் மறுத்துவிடும்.

இப்போது கொழும்பில் ஒரு விமானம் தெற்கு நோக்கி, அடிவானத்திலிருந்து 20 பாகை உயரத்தில் நிற்கும் ஒரு செயற்கைக்கோளைப் பார்க்கிறது என்று வையுங்கள். அந்தக் கதிர் வலையைத் துளைக்கும் இடம் கொழும்புக்குத் தெற்கே சுமார் 780 கி.மீ. தள்ளி, பூமத்தியரேகையை ஒட்டி நடுக்கடலில். அந்தப் பக்கத்து முடிச்சுகளை அளக்கத் திருவனந்தபுரம் ரிசீவருக்கும் அதே திசையில், இன்னும் தாழ்வான கதிர்கள்தான் உண்டு. தாழ்ந்த கதிரில் பிழை பெருகும், ஆதாரப் புள்ளிகள் குறையும். உடனே மையம் அந்த முடிச்சின் குறியீட்டை உயர்த்தும், இல்லாவிட்டால் 15 போட்டுவிடும். இலங்கையின் வடக்கில் நிலைமை கொஞ்சம் மேல். மாலத்தீவின் தென்கோடியில் உள்ள கான் தீவுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து 1,000 கி.மீ.க்கு மேல்.

நம் பகுதிக்கென்று தனியாக ஒரு தலைவலியும் உண்டு. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. அதன் இருபுறமும் சுமார் 15 பாகையில் எலக்ட்ரான்கள் மேடுபோலக் குவிகின்றன. சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் கதிரின் வழியில் உள்ள மொத்த எலக்ட்ரான் அளவு பகலில் 100 அலகைத் தாண்டும். ஜிபிஎஸ்ஸின் முதன்மை அலைவரிசையான எல்1-இல் ஓர் அலகுக்கு 0.16 மீட்டர் தாமதம். ஆகவே தலைக்கு நேரே 16 மீட்டர், தாழ்ந்த கதிரில் அதைப்போல் மூன்று மடங்கு. இருட்டிய பிறகு ஏழரை மணிவாக்கில் தொடங்கி நள்ளிரவுவரை எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் எழும். ஒரு குமிழிக்குள் மதிப்பு சடாரென்று சரியும், சிக்னல் நடுங்கும், ரிசீவர் பிடியை விடும். அமெரிக்காவின் வாஸ் அமைப்புக்காக எழுதிய ஒற்றை அடுக்கு மாதிரி இங்கே தாங்கவில்லை. இஸ்ரோ பல அடுக்கு மாதிரி ஒன்றைத் தனியாக உருவாக்க வேண்டியிருந்தது அதனால்தான். அந்த மாதிரியும் தரவு இருக்கும் இடத்தில்தான் பேசும்.

சுருக்கமாக, தொழில்நுட்பத் தடைக்குத் தீர்வு தெரிந்ததுதான்: இலங்கையில் ஒன்றிரண்டு, மாலத்தீவின் வடக்கிலும் தெற்கிலும் ஒவ்வொன்று என்று தரை நிலையங்கள். மற்றதை வரைபட மேசை அண்ணன் சொல்லட்டும்.

---

வரைபட மேசை எழுதியது:

தரை நிலையம் மட்டும் வைத்தால் போதாது, ஒப்பந்தமும் வேண்டும். அதற்குப் பிரிட்டனைப் பார்த்தால் போதும்.

ஐரோப்பாவின் எக்னாஸ் சிக்னல் இன்றைக்கும் பிரிட்டன் முழுக்க விழுகிறது. 2021 ஜூன் 24 வரை அங்கே சிறு விமான நிலையங்கள் பல எல்பிவி மினிமாவை (ரன்வே தெரியாமல் இறங்கி வரலாகும் குறைந்தபட்ச உயரம்) வைத்து இயங்கின. ஜூன் 25 முதல் அதே சிக்னல், அதே விமானம், அதே ரன்வே, ஆனால் எல்பிவி கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதோடு உயிர்ப்பாதுகாப்புச் சேவைக்கான ஒப்பந்தமும் போயிற்று. ஒப்பந்தம் இல்லையென்றால், சேவை குறையும்போது உங்களுக்குத் தகவல் சொல்லும் கடமை எவருக்கும் இல்லை. விபத்து நடந்தால் தரவைத் தரும் கடமையும் இல்லை.

மறுபக்கம் வட அமெரிக்கா. வாஸ் அமைப்பின் 38 தரை நிலையங்களில் 4 கனடாவில், 5 மெக்சிகோவில். கேண்டரிலும் இகாலுயிட்டிலும் நிலையம் இருப்பதால் கனடா தன் சொந்த எஸ்பிஏஎஸ் கட்டாமலே தன் ரன்வேக்களுக்கு எல்பிவி வெளியிடுகிறது. பகிர்தல் என்றால் இதுதான்: நிலத்தை ஒருவர் தருகிறார், கணக்கை ஒருவர் போடுகிறார், எழுத்தில் பொறுப்பு பிரிக்கப்படுகிறது.

சட்டத்தின் அடிப்படை சிகாகோ உடன்படிக்கையின் 28-ஆம் விதி. தன் மண்ணில் வழிகாட்டு வசதிகளுக்கு அந்தந்த நாடே பொறுப்பு. சிக்னல் பக்கத்து நாட்டுச் செயற்கைக்கோளிலிருந்து வந்தாலும், பலாலியில் இறங்கும் விமானத்துக்கு "இதை நம்பலாம்" என்று ஒப்புதல் தர வேண்டியது இலங்கையின் விமானப் போக்குவரத்து அதிகார சபை. அமெரிக்கா 1994-இல் ஜிபிஎஸ்ஸையும் ரஷ்யா 1996-இல் குளோனாஸையும் ஐகாவோ வழியாக உலகுக்கு இலவசமாகத் தர முன்வந்தபோதும் இந்தப் பொறுப்பு கைமாறவில்லை.

இனி நடைமுறை. ஒப்பந்தம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, ஒரு ரன்வே முனைக்கு எல்பிவி வரையும் வரிசை இது.

முதலில் அளவை. ரன்வே முனையின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் மூன்றும் டபிள்யூஜிஎஸ்-84 (ஜிபிஎஸ் பயன்படுத்தும் உலக அளவை முறை) அடிப்படையில். பழைய உள்ளூர் அளவை ஆயங்களை மென்பொருளில் மாற்றி ஒப்பேற்றுவது கூடாது, களத்தில் புதிதாக அளக்க வேண்டும். கூடவே தடைகள்: மரம், கோபுரம், தண்ணீர்த் தொட்டி, ரன்வேக்கு வெளியே சாலையில் போகும் லாரியின் உயரம்கூட.

அடுத்து இறுதி அப்ரோச் தரவுக் கட்டு. விமானத்தின் தரவுத்தளத்தில் ஏறப்போகும் சின்னஞ்சிறு தொகுப்பு இது. ரன்வே முனையின் ஆயம் 0.0005 விகலை நுட்பத்தில், அதாவது தரையில் ஒன்றரை சென்டிமீட்டர். சறுக்கு கோணம், பெரும்பாலும் 3 பாகை. முனையைத் தாண்டும் உயரம். முனையில் பாதை அகலம், வழக்கமாக 105 மீட்டர். கிடைமட்ட எல்லை 40, செங்குத்து எல்லை 50. எந்த எஸ்பிஏஎஸ் என்ற குறியீடு: வாஸ் 0, எக்னாஸ் 1, ஜப்பானின் எம்சாஸ் 2, ககன் 3. எதுவானாலும் சரி என்றால் 15. கடைசியில் முழுக் கட்டுக்கும் 32 பிட் சரிபார்ப்பு எண். ஒரு பிட் மாறினாலும் விமானத்தின் ரிசீவர் அந்த அப்ரோச்சை ஏற்காது.

ஆனால் அந்தச் சரிபார்ப்பு எண், கட்டு வழியில் சிதைந்ததா என்று மட்டும்தான் பார்க்கும். தப்பான எண்ணையே நீங்கள் கட்டில் வைத்திருந்தால் அதையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நம் பகுதியில் அப்படித் தப்பும் இடம் உயரம்.

கட்டில் போட வேண்டியது நீள்வட்டக் கோளத்திலிருந்து (பூமி வடிவத்தின் கணித மாதிரி) அளந்த உயரம். விமான நிலைய வரைபடத்தில் இருப்பது கடல்மட்டத்திலிருந்து உயரம். உலகின் பல இடங்களில் இரண்டுக்கும் சில பத்து மீட்டர்தான் வித்தியாசம். இந்தியப் பெருங்கடலில், இலங்கைக்குத் தெற்கே, உலகிலேயே ஆழமான ஜியாய்டு (சராசரிக் கடல்மட்டப் பரப்பு) பள்ளம் இருக்கிறது, சுமார் 106 மீட்டர் கீழே. இலங்கை அதன் விளிம்பில். கடல்மட்டத்திலிருந்து 10 மீட்டர் உயரத்தில் ஒரு ரன்வே முனை, அந்த இடத்தில் ஜியாய்டு கழித்தல் 95 என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டில் வர வேண்டியது கழித்தல் 85. கழித்தல் குறியைப் பார்த்து "இது எழுத்துப்பிழை" என்று யாராவது வெறும் 10-ஐப் போட்டுவிட்டால் சறுக்குபாதை முழுவதும் 95 மீட்டர், அதாவது சுமார் 310 அடி மேலே தூக்கிக்கொள்ளும். ஜியாய்டைக் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்தால் பிழை 190 மீட்டர். கட்டின் உயரப் புலம் கழித்தல் 512 மீட்டர் வரை ஏற்கும். ஆகவே கழித்தல் எண்ணைக் கண்டு தயங்கவே வேண்டாம். அளவைக்காரர், வரைபவர், சரிபார்ப்பவர் மூவரும் அந்த ஒரு எண்ணைத் தனித்தனியாகக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும்.

பிறகு பறந்து சரிபார்த்தல், வான்வழித் தகவல் நூலில் வெளியீடு, கட்டுப்பாட்டாளர்களுக்குப் பயிற்சி, ககன் தரம் குறையும்போது நோட்டம் (விமானிகளுக்கான எச்சரிக்கை அறிவிப்பு) எப்படி வரும் என்ற ஏற்பாடு. ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் வழிகாட்டல்) தரவைப் பதிந்து குறைந்தது 14 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும் ஐகாவோ சொல்கிறது. இதற்குச் சொந்தமாக ஒரு ரிசீவரும் சேமிப்பகமும் வேண்டும். செலவில் இது சிறியது, பெரும்பாலும் மறந்துபோவதும் இதுதான்.

---

வடமராட்சி எழுதியது:

மிக்க நன்றி அண்ணன்மார். ஜியாய்டு விஷயம் எந்தப் புத்தகத்திலும் இப்படிக் கண்ணில் படவில்லை.

ஒரு துணைக்கேள்வி. ஜெட் விமானங்கள் ஏற்கெனவே காற்றழுத்த உயரமானியை வைத்து, பாரோ-வினாவ் முறையில் செங்குத்து வழிகாட்டல் பெறுகின்றனவே. எஸ்பிஏஎஸ் இல்லாமலே எல்னாவ்-வினாவ் (பக்கவாட்டுக்கு ஜிபிஎஸ், செங்குத்துக்கு உயரமானி) மினிமா கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?

---

எழுபத்திரண்டு அறுநூறு எழுதியது:

பாரோ-வினாவ் நல்ல கருவி. ஐகாவோ 2010 பேரவையில் எல்லாக் கருவி ரன்வே முனைகளுக்கும் செங்குத்து வழிகாட்டல் வேண்டும் என்று தீர்மானித்தபோது, எஸ்பிஏஎஸ் எட்டாத நாடுகள் அதை வைத்துத்தான் கணக்கை முடித்தன. படிப்படியாகக் கீழே குதித்து இறங்கும் பழைய முறையைவிட எவ்வளவோ பாதுகாப்பு. ஆனால் அந்தப் பாதை, பைலட் திருகி வைக்கும் ஒரே எண்ணில் தொங்குகிறது.

2022 மே 23, பாரிஸ் சார்ல் த கோல். ரன்வே 27 வலது. ஐஎல்எஸ் சேவையில் இல்லை, மழை மேகம். ஏ320 ஒன்று எல்னாவ்-வினாவ் அப்ரோச்சில் வருகிறது. கியூஎன்எச் (உயரமானியில் வைக்க வேண்டிய கடல்மட்டக் காற்றழுத்தம்) 1001. கட்டுப்பாட்டாளர் வாயில் வந்தது 1011. பைலட்டுகள் அதையே வைத்தார்கள். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 28 அடி. பத்துக்கு 280 அடி. கருவிகள் எல்லாம் பாதையில் கச்சிதமாக இருப்பதாகக் காட்ட, விமானம் முழுப் பாதையிலும் 280 அடி தாழ்வாக வந்தது. ரன்வேக்கு இன்னும் 0.8 கடல்மைல் இருக்கும்போது ரேடியோ உயரமானி காட்டிய மிகக் குறைந்த உயரம் 6 அடி. கீழே ரன்வே இல்லை. கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி ஏறுவது) எடுத்ததால் தப்பினார்கள். விமானத்துக்குள் நிலப்பரப்பு எச்சரிக்கை ஒலிக்கவில்லை.

எல்பிவியில் சறுக்குபாதை வடிவியல் அடிப்படையில் வருவது. கியூஎன்எச் எவ்வளவு தப்பானாலும் பாதை நகராது. அந்த விமானம் எல்பிவியில் வந்திருந்தால் 3 பாகைக் கோட்டிலேயே ரன்வேக்கு வந்திருக்கும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: எல்பிவியிலும் முடிவெடுக்கும் உயரத்தை உயரமானியில்தான் படிக்கிறோம். கியூஎன்எச் 10 கூடுதலாக இருந்தால் பாதை சரியாக இருக்கும், "மினிமம்" என்ற அழைப்பு 280 அடி தாமதமாக வரும். ஆகவே இறுதி அப்ரோச் புள்ளியைத் தாண்டும்போது, வரைபடத்தில் அச்சிட்ட உயரமும் உயரமானியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது எல்பிவியில் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை. பாரோ-வினாவில் அதே சோதனை ஒன்றும் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் பாதையும் அதே தப்பான எண்ணில்தான் தொங்குகிறது.

வெப்பமும் உண்டு. குளிர்நாட்டில் பாரோ பாதை தாழும், அதற்காக வரைபடத்திலேயே குறைந்தபட்ச வெப்பநிலை போட்டிருப்பார்கள். நம் ஊர் வெயிலில் எதிர்மாறு. கடல்மட்டத்தில் வெப்பம் 35 பாகை செல்சியஸ் என்றால், 3 பாகை என்று வரைந்த பாதை உண்மையில் 3.2 ஆகும். வேகம் குறைக்கச் சிரமம், நிலையற்ற அப்ரோச் கூடும்.

விமானப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கூரையில் ஜிபிஎஸ் ஆண்டெனா இருப்பதால் எல்பிவி வந்துவிடாது. எஸ்பிஏஎஸ் படிக்கும் ரிசீவர், அதை ஏற்றுக் கோணவிலக்கம் காட்டும் விமான மேலாண்மைக் கணினி, விமானத்தை இயக்கும் நிறுவனத்துக்கு ஒப்புதல், பைலட் பயிற்சி, நான்கும் வேண்டும். பறப்புத் திட்டத்தின் 10-ஆம் கட்டத்தில் "பி" எழுத்து இந்தத் தகுதியைச் சொல்வது. ஏடிஆர் 72-600 போன்ற டர்போபிராப்புகளுக்கு இது எளிதாக வந்தது. 2022 ஏப்ரலில் கிஷன்கரில் இண்டிகோ ககனை வைத்து இறங்கிக் காட்டியதும் ஏடிஆரில்தான். ஓடிக்கொண்டிருக்கும் ஏ320, 737 தலைமுறையில் பெரும்பகுதிக்கு இந்த ரிசீவர் பிறவியிலேயே கிடையாது, பின்னர் மாற்றுவது பெருஞ்செலவு. இந்தியா 2021 ஜூலைக்குப் பிறகு பதிவாகும் விமானங்களுக்குக் ககன் கருவி வேண்டும் என்று விதித்ததற்குக் காரணம் அதுதான். வாங்கும்போதே இருந்தால் மலிவு.

ஆகவே எல்பிவியால் முதலில் பயன்பெறுவது பெரிய விமான நிலையமல்ல. ஐஎல்எஸ் வைக்க வசதியில்லாத, டர்போபிராப் இறங்கும் சிறு ரன்வே. நீங்கள் சொன்ன பலாலியும் மாலத்தீவுத் தீவுகளும் அந்த வகைதான்.

---

கோபுரக் குரல் எழுதியது:

மேலே எல்லோரும் சொன்னதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. எஸ்பிஏஎஸ் கண்காணிப்பது செயற்கைக்கோளின் பிழையையும் அயனமண்டலத்தையும். விமானத்துக்கு அருகே ஒருவன் பொய் ஜிபிஎஸ் சிக்னல் வீசினால், 300 கி.மீ. தள்ளி நிற்கும் தரை நிலையத்துக்கு அது தெரியவே தெரியாது. ஜிபிஎஸ் சிக்னல் தரையை எட்டும்போது ரிசீவரின் சொந்த இரைச்சலைவிடத் தாழ்ந்திருக்கும். அதை மூழ்கடிக்கப் பெரிய கருவி தேவையில்லை.

2023 செப்டம்பரிலிருந்து ஈராக், ஈரான் எல்லையில் தொடங்கி இது வழக்கமாகவே ஆகிவிட்டது. இந்தியாவிலும் 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை 465 குறுக்கீடுகள், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பக்கம், பதிவானதாக நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. எஸ்தோனியாவின் டார்ட்டுவில் அப்ரோச்சுகள் ஜிபிஎஸ்ஸை மட்டுமே நம்பியிருந்தன. குறுக்கீடு தாங்காமல் ஃபின்னேர் 2024 ஏப்ரல் 29 முதல் ஒரு மாதம் அங்கே பறப்பதையே நிறுத்தியது. ஜிபிஎஸ் தேவைப்படாத மாற்று அப்ரோச் ஏற்பாடான பிறகுதான் திரும்பியது.

மூழ்கடிப்பதைவிட ஏமாற்றுவது ஆபத்து. மூழ்கடித்தால் கொடி விழும், எல்லோருக்கும் தெரியும். ஏமாற்றினால் முதலில் காக்பிட் கடிகாரம் தாவும். காற்றின் வேகம் நம்பமுடியாத எண்ணாக மாறும். வரைபடத் திரையில் விமானம் பக்கவாட்டில் நழுவும். கடல் மேல் 35,000 அடியில் "புல் அப்" என்று நிலப்பரப்பு எச்சரிக்கை கத்தும், ஏனென்றால் அதன் கணக்கில் விமானம் ஏதோ மலைக்குள் இருக்கிறது. கடிகாரம் கெட்டால் தரவு இணைப்பும் அறுந்துபோகும். சில வகை விமானங்களில் ஜிபிஎஸ்ஸோடு கலந்து கணக்கிடும் ஐஆர்எஸ்ஸும் (விமானத்தின் அசைவை உணர்ந்து இடத்தைக் கணக்கிடும் கருவி) கறைபடும், அந்தப் பகுதியை விட்டு வெளியே வந்த பிறகும் தெளியாது, தரையில் மீட்டமைக்க வேண்டியிருக்கும்.

பொதுவாகச் செய்வது: குறுக்கீட்டுப் பகுதிக்கு முன்பே ஐஆர்எஸ் நிலையையும், தரையிலுள்ள ரேடியோ வழிகாட்டு நிலையங்களான விஓஆர், டிஎம்இ-யையும் ஒப்பிட்டு வைத்துக்கொள்வது. அறிகுறி வந்ததும், விமானக் கையேடு அனுமதிக்கும் முறையில் ஜிபிஎஸ் உள்ளீட்டைத் துண்டிப்பது. விமானம் தானாகத் திரும்பினால் ஹெடிங் முறைக்கு மாற்றி, கட்டுப்பாட்டாளரிடம் உடனே சொல்லி ரேடார் வழிகாட்டல் கேட்பது. நிலப்பரப்பு எச்சரிக்கையின் முன்னோக்கிப் பார்க்கும் பகுதியை அணைப்பதென்றால், பாதுகாப்பான குறைந்தபட்ச உயரத்துக்கு மேலே இருக்கும்போது, நிறுவனத்தின் எழுத்து நடைமுறைப்படி மட்டும். இறங்கும் இடத்தில் ஐஎல்எஸ் இருந்தால் அன்று அதுதான். எல்பிவியை அன்று மறந்துவிடலாம்.

ஆகவே பகிர்ந்த செயற்கைக்கோள் வழிகாட்டல் வந்துவிட்டது என்று தரைக்கருவிகளை எல்லாம் கழற்றிவிட்டால் டார்ட்டு நிலைமைதான். ஒரு வட்டாரத்துக்கு ஒரு ஐஎல்எஸ்ஸும், டிஎம்இ-டிஎம்இ கணக்குக்குப் போதுமான நிலையங்களும் இருந்தே ஆக வேண்டும். குறுக்கீட்டுத் தகவலையும் அண்டை நாடுகள் அன்றன்றே பகிர வேண்டும். ஒரு வான்வெளியில் காலையில் நடந்தது அடுத்த வான்வெளிக்கு மறுநாள் தெரிவது எந்த விதத்திலும் ஏற்க முடியாது.

---

அயனமண்டலம் எழுதியது:

கோபுரக் குரல் சொன்னது சரி. இரட்டை அதிர்வெண் எஸ்பிஏஎஸ் வந்தால் இந்தத் தலைவலிகள் எல்லாம் தீருமா என்று அடுத்துக் கேள்வி வரும், அதனால் முன்பே சொல்லிவிடுகிறேன்.

எல்1-உடன் எல்5 என்ற இன்னொரு அலைவரிசையையும் அளந்தால் அயனமண்டலத் தாமதத்தை விமானமே நேரடியாகக் கழித்துவிடும். முடிச்சு வலையே தேவையில்லை. சேவைப் பரப்பு தெற்கே வெகுவாக நீளும், இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் பெரிய லாபம். விலை இரண்டு. இரண்டு அளவுகளைச் சேர்க்கும்போது இரைச்சல் ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். இருட்டிய பிறகு சிக்னல் நடுங்குவதும் போகாது. எல்5 தாழ்ந்த அதிர்வெண் என்பதால் அதில் நடுக்கம் எல்1-ஐவிடக் கூடுதல். ஏமாற்றுவது, இரண்டு அலைவரிசையிலும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும் என்ற அளவுக்குக் கடினமாகும், அவ்வளவுதான்.

---

வடமராட்சி எழுதியது:

கடைசியாக ஒன்று மட்டும். ஒப்பந்தமும் தரை நிலையமும் வரக் காலம் எடுக்கும் என்று புரிகிறது. அதுவரை ஒரு சிறு நாடு கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல் எதிலிருந்து தொடங்கலாம்?

---

வரைபட மேசை எழுதியது:

இரண்டு வேலையை இன்றைக்கே தொடங்கலாம். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

ஒன்று, நான் முன்பு சொன்ன அளவை. ரன்வே முனை, தடைகள், ஜியாய்டு மூன்றையும் எல்பிவி தரத்தில் அளந்து முடித்து, அதே தரவை வைத்து எல்னாவ், எல்னாவ்-வினாவ் மினிமாவை முதலில் வெளியிடுங்கள். ஒப்பந்தம் வரும் நாளில் அதே வரைபடத்தில் எல்பிவி வரியைச் சேர்த்தால் போதும். மறுபடி அளக்க வேண்டியதில்லை.

இரண்டு, கூரைமேல் ஒரு ரிசீவர். எல்1, எல்5 இரண்டும் பிடிப்பதாக, நடுக்கத்தை அளக்கும் வகையாக இருக்கட்டும். ஆண்டெனாவின் இடம் சென்டிமீட்டர் துல்லியத்தில் தெரிந்திருக்க வேண்டும். சுற்றிலும் தகரக் கூரை, கண்ணாடிச் சுவர் வேண்டாம், எதிரொலி வரும். மின்சாரம் போனாலும் ஓடப் பேட்டரி. விநாடிக்கு ஒருமுறை ககன் செய்தியோடு சேர்த்துப் பதியுங்கள். குறைந்தது ஓராண்டு, ஏனென்றால் மார்ச்-ஏப்ரலிலும் செப்டம்பர்-அக்டோபரிலும் குமிழிகள் மிகும். மூன்று மாதத் தரவை வைத்து முடிவெடுத்தால் அந்தக் காலம் தவறிப்போகலாம்.

பதிந்ததிலிருந்து ஒவ்வொரு விநாடிக்கும் இரண்டு எண் எடுங்கள்: ரிசீவர் கணக்கிடும் செங்குத்துப் பாதுகாப்பு அளவு (பிழை இதைத் தாண்டாது என்று அது சொல்லும் எல்லை), உண்மையான செங்குத்துப் பிழை. ஒன்றைக் குறுக்காகவும் மற்றதை நெடுக்காகவும் வைத்து வரைந்தால் அதுதான் ஸ்டான்ஃபோர்ட் வரைபடம். பாதுகாப்பு அளவு 50 மீட்டருக்குள் இருந்த நேரத்தின் விழுக்காடு, சேவை எவ்வளவு கிடைக்கும் என்று சொல்லும். அதை மணிவாரியாகப் பிரியுங்கள். மாலை 7 முதல் நள்ளிரவு வரையான பட்டியைத் தனியாக வையுங்கள், பகல் சராசரியில் அதைக் கரைத்துவிடாதீர்கள். பிழை, பாதுகாப்பு அளவைத் தாண்டிய ஒரே ஒரு விநாடி இருந்தாலும் அந்த நேரத்து மூலத்தரவை முழுதாக எடுத்து, ஆண்டெனா எதிரொலியா, ரிசீவர் கோளாறா, முடிச்சுத் தகவலின் குறையா என்று தேட வேண்டும்.

இந்த ஓராண்டுத் தரவோடு இந்திய விமான நிலையங்கள் ஆணையத்திடமும் இஸ்ரோவிடமும் பேசினால், தரை நிலையத்தை வடக்கில் வைப்பதா தெற்கில் வைப்பதா என்ற முதல் கேள்விக்கே கையில் எண்ணோடு பதில் இருக்கும்.